செவ்வாய்க்கிழமை பேசவிருந்த சின்னையா அண்ணன்

வெள்ளிக்கிழமை காலை, மூன்றாம் வகுப்பில் வாய்பாடு கேட்டுக்கொண்டிருந்தபோது பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. "மாமா விடியக்காலையில தவறிட்டாரு. நெஞ்சு வலி. நாளைக்கு எடுக்கிறோம்" என்று சின்னையா அண்ணனின் மருமகன் எழுதியிருந்தார். அழுகை வருவதற்கு முன் என் மனத்தில் வந்தது வேறு. செவ்வாய்க்கிழமை இனி யார் பேசுவது? இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அண்ணனைப் பற்றி எழுதும்போது பூசி மெழுக மனம் வரவில்லை.

திரு. சின்னையா அவர்கள் கிள்ளானில் ஒரு நில அளவை அலுவலகத்தில் பிளான் வரைந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்தை விற்றபோது, தொழிலாளர் குடியிருப்பான லயத்தைவிட்டு வந்த குடும்பங்களோடு, ஜெராம் பக்கத்து வரிசை வீடுகளில் குடியேறினார். அவருடைய பிள்ளைகள் படித்து முடித்துப் பல வருடங்கள் ஆகியும் எங்கள் தமிழ்ப்பள்ளிக் கூட்டம் ஒன்றையும் விடமாட்டார். பள்ளிக்குப் புதிதாகக் கால்வாய் வெட்டிய சமயத்தில்தான் நான் அவரை முதலில் கவனித்தேன். "வாட்டம் தப்பா இருக்கு, தண்ணி உள்ளதான் வரும்" என்றார். நாங்கள் யாரும் காதில் வாங்கவில்லை. முதல் மழையில் என் வகுப்பறையில் கணுக்கால் அளவு தண்ணீர். அண்ணன் மண்வெட்டியோடு வந்து நின்றார். அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை பேசவில்லை.

சென்ற ஆண்டு, வட்டாரத் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அண்ணனும் நானும் என் காரிலேயே போனோம். வந்தவர்கள் எல்லாரும் வரைபடத்தில் அவரவர் வீட்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மட்டும் பள்ளியைத் தேடினார்.

"டீச்சர், இந்தச் செவப்புக் கோடு இருக்கே, இது ஆறு லேன் ரோடு. நம்ம வீடுங்க இந்தப் பக்கம், ஸ்கூலு அந்தப் பக்கம். பாலம் கீலம் ஒண்ணும் போடல. புள்ளைங்க பறந்தா வரும்?"

எங்களுடையது சின்னப் பள்ளி. வரிசை வீடுகளின் பிள்ளைகள் நடந்து வருவதால்தான் அது உயிரோடு இருக்கிறது. நடக்க வழியில்லை என்றால் பெற்றோர் வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். பிறகு பூட்டுத்தான்.

ஆட்சேபக் கடிதம் எழுத நாள் குறைவாக இருந்தது. அப்போது நான் செய்த காரியத்தைச் சொல்லியே ஆக வேண்டும். தேர்வுக்கு மாதிரிக் கட்டுரை எழுதிக் கொடுத்தே பழகிய கை அல்லவா? பெற்றோரை வகுப்பில் உட்காரவைத்து, மலாயில் ஒரு மாதிரிக் கடிதத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். அத்தனை பேரும் அடி பிசகாமல் பார்த்தெழுதினார்கள். ஒருவர் 'உங்கள் பெயரை இங்கே எழுதவும்' என்பதையும் சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அண்ணன் கட்டு முழுவதையும் பொறுமையாகப் புரட்டினார். "கோவிச்சுக்காதீங்க டீச்சர். இங்க நாப்பது தாளு இருக்கு, ஆளு ஒருத்தர்தான் இருக்காரு."

எனக்கு வந்ததே கோபம். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் அதைப் பொருட்படுத்தாமல் வீடு வீடாக ஏறி இறங்கினார். மூன்றாம் நாள் நானும் நோட்டுப் புத்தகத்தோடு கூடவே போனேன். லோரி ஓட்டுநரின் மனைவி ஒருவர், "மழை பேஞ்சா சின்னவள இடுப்புல தூக்கிக்குவேன், பெரியவன் கொடைய புடிப்பான். இதயெல்லாம் போயி ஆபீசருக்கு எழுதுவாங்களாண்ணே?" என்றார்.

"அதத்தாம்மா எழுதணும். அவங்களுக்கு ரோடு தெரியும். ஒம் புள்ளைங்கள தெரியாதுல்ல" என்றார் அண்ணன்.

அவர்கள் சொல்லச் சொல்ல நான் மலாயில் எழுதினேன். ஒரு தாளைப் போல இன்னொன்று இல்லை. ஆட்சேபங்களை நேரில் கேட்கும் விசாரணைக்கு நாள் குறித்துக் கடிதம் வந்தது. வரைபடம் தெரிந்தவர் என்பதால் எல்லார் சார்பிலும் அண்ணனே பேசுவதாக முடிவானது. அந்த நாள்தான் செவ்வாய்க்கிழமை.

சனிக்கிழமை சாவு வீட்டில், பந்தலுக்கு வெளியே பெற்றோர் என்னைச் சூழ்ந்துகொண்டு கிசுகிசுத்தார்கள். "நீங்கதான் பேசணும் டீச்சர்." பிள்ளைகள் முன்னால் கத்துவேனே தவிர, அதிகாரி முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அண்ணன் மேல் கோபம்கூட வந்தது. இன்னும் நாலு நாள் இருந்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

செவ்வாய்க்கிழமை நகராண்மைக் கழக மண்டபத்தில் அதிகாரி முதல் பெயராக, "சின்னையா" என்று கூப்பிட்டார். நான் எழுந்தேன். அவர் இறந்துவிட்டார் என்ற இரண்டு சொல் வாயில் வரவில்லை.

"இருக்கோம் என்சே" என்று அதிகாரியை மலாய் முறையில் ஐயா என விளித்தபடி பின்னாலிருந்து ஒரு குரல்.

அண்ணனின் மனைவி அஞ்சலை அக்கா. பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் சமைப்பவர். காரியம் முடியும்வரை வீட்டுப் படி தாண்டக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அன்று ஐந்தாம் நாள்தான். பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் முகத்தைச் சுளித்தார். அக்கா திரும்பி, "அவரு பேரக் கூப்புடுறப்ப ஆளு இல்லன்னு ஆயிரக் கூடாதும்மா" என்றார்.

பிறகு அக்கா முன்னால் போய், தமக்குத் தெரிந்த மலாயில் பேசினார். தம் கணவர் இறந்ததைச் சொன்னார். தமக்கு வரைபடம் பார்க்கத் தெரியாது என்றார். "நீங்க கோடு போட்ட எடத்துலதான் தெனமும் நான் நடக்கிறேன். என் பின்னாலயே புள்ளைங்க வரும். ஒரு நாள் வந்து என்கூட நின்னு பாருங்க. அப்புறமா கோடு போடுங்க."

அதிகாரி பேனாவை எடுத்தார். "எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

"ஆறே முக்காலுக்கு" என்றார் அக்கா.

அதற்குப் பிறகு எனக்கும் வாய் திறந்தது. தாள்களை ஒவ்வொன்றாக வாசித்தேன்.

வரும் வெள்ளிக்கிழமை வருவதாக அதிகாரி சொல்லியிருக்கிறார். வருவாரா, வந்தாலும் அந்தக் கோடு நகருமா, எனக்குத் தெரியாது. பயம் இன்னும் போகவில்லை. ஆனால் ஆறரைக்கே அங்கே இருப்போம் அண்ணே. அஞ்சலை அக்கா முன்னால் நிற்பார், பிள்ளைகள் அவர் பின்னால் வரிசையாக நிற்பார்கள், நான் கடைசியில் நிற்பேன். நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.