சத்தம் வந்தால்தான் படிப்பு

சத்தம் வராத படிப்பு படிப்பே அல்ல என்று நாற்பது வயதைத் தாண்டியும் நம்பிக்கொண்டிருந்தவன் நான். சிரிக்காதீர்கள், என் பிழைப்பு அப்படி. பனியன் கம்பெனியில் நிட்டிங் மிஷின் ஓட்டுகிறவனுக்குக் காதுதான் கண். மிஷின் உறுமிக்கொண்டிருந்தால் துணி இறங்குகிறது. சத்தம் நின்றால் நூல் அறுந்துவிட்டது. வீட்டிலும் அதே கணக்கைத்தான் வைத்திருந்தேன்.

ப்ளஸ் டூ வரை மகள் என்னைக் கைவிடவில்லை. சாயங்காலம் அவள் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தால், முதலிபாளையத்தில் சுவரோடு சுவர் ஒட்டிய எங்கள் லைன் வீடுகளில் ஒருத்தரும் நிம்மதியாக டிவி பார்க்க முடியாது. எனக்கோ அது தாலாட்டு. நல்ல மார்க் வாங்கி, ஆங்கில இலக்கியம் படிக்கிறேன் என்று காலேஜில் சேர்ந்தாள். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே மிஷின் நின்றுவிட்டது.

பாடத்துக்கென்று லைப்ரரியிலிருந்து தடியாக ஒரு கதைப் புத்தகம் கொண்டுவந்து, சுவரில் சாய்ந்து, வாயை மூடிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். போதாததற்கு நடுநடுவே தனக்குத் தானே சிரித்தாள். பாடத்தில் சிரிக்க என்ன இருக்கிறது? எவனோ ஒருத்தன் லெட்டர் கொடுத்திருக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டேன். அவள் குளிக்கப் போன நேரத்தில் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறினேன். டவுன் பஸ் டிக்கெட் ஒன்று விழுந்தது. அதையும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன், மூளை அவ்வளவுதான். படித்த பக்கத்துக்கு அவள் வைத்திருந்த அடையாளம் அது என்று தெரியாமல், ஏதோ ஒரு பக்கத்தில் செருகி வைத்தேன்.

"சத்தமாப் படி கண்ணு."

"காலேஜ்ல இப்படித்தான் படிக்கோணுமுங்கப்பா. கேள்வி பதிலெல்லாம் தரமாட்டாங்க. நாமளே படிச்சு, நமக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லோணும்."

"உனக்குத் தோணறதுக்கெல்லாமா மார்க் போடுவாங்க? நாளைக்குச் சத்தம் வரோணும். வரலைன்னா உங்கம்மாகூடப் பனியன் செக்கிங் வேலைக்குக் கெளம்பிரு."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி, "புள்ள படிக்குதா இல்லியான்னு பரீட்சை வந்தாத் தெரியுமுங்க. உங்க காதுக்கு என்ன அவசரம்?" என்றாள். அவளையும் ஓர் அதட்டு.

மறுநாள் சத்தம் வந்தது. உள்ளறையில் ஆங்கிலம் கணீரென்று ஓட, நான் வெளியே கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். நடுவில் நீடில் என்று காதில் விழுந்தது. அப்புறம் சிலிண்டர். இரண்டும் என் நிட்டிங் மிஷினின் பாகங்கள். எனக்குப் புல்லரித்துவிட்டது. டீக்கடையில் போய், "காலேஜ்லயே நம்ம மிஷினைப் பத்தித்தான் பாடமுங்க" என்று அளந்தேன். பக்கத்து மிஷின்காரர் டீயை உறிஞ்சிக்கொண்டே, "அப்ப அடுத்த வருசம் வாத்தியாரா உங்களத்தான் கூப்புடுவாங்க. நல்லதா ஒரு வேட்டி எடுத்து வெச்சுக்குங்க" என்றார். சத்தியமாக, ஒரு நிமிடம் என்னை அந்த வேட்டியில் நினைத்துப் பார்த்தேன்.

இப்படியே மாதங்கள் ஓடின. முதல் செமஸ்டர் பரீட்சை நெருங்கிய ஒரு சாயங்காலம், ஆசையாக முறுக்கு எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவள் மடியில் இருந்த புத்தகத்தின் அட்டையில் சந்தனப் பொட்டு. ஆயுத பூஜைக்கு நானே வைத்தது. புது மிஷினோடு வந்து, கம்பெனியில் யாரும் பிரித்துப் பார்க்காமல் கிடந்து, நான் கொண்டுவந்து பரணில் போட்ட மிஷின் மேனுவல்.

"இதைய ஏஞ்சாமி படிக்கறே? அந்தக் கதையவே சத்தமாப் படிக்கலாமல்ல?"

"படிச்சுப் பார்த்தேனுங்கப்பா. என் சத்தந்தான் எனக்குக் கேக்குது, கதை உள்ள போகமாட்டேங்குது. உங்களுக்குச் சத்தந்தான வேணும்?"

கோபமாகக் கேட்டிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். இனிமேல் சத்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, முறுக்கை வைத்துவிட்டு வெளியே வந்தேன். காலையில் அவளுக்கு வீட்டு வேலை, போக வர பஸ்ஸில் நின்றபடி பயணம். அவளுக்கென்று இருந்தது சாயங்காலம் மட்டும்தான். அதை முழுக்க நான் கட்டிலில் படுத்துக் கேட்டே தீர்த்திருந்தேன். தீர்த்துவிட்டுத்தான் தாராளமாக அனுமதி கொடுக்கிறேன்.

அந்தக் கதை வந்த பேப்பரில் அவள் ஃபெயில். கதைப் புத்தகத்தில் பாதிதான் படித்திருந்தாள். மறு வருடம் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய், அங்கிருந்து எழுதிப் பாஸ் செய்தாள்.