சுடலைமுத்துவின் கறுப்பு

சுடலைமுத்து இறந்த செய்தி எனக்குக் கைப்பேசியில் ஒரு படமாக வந்தது. ரோஜாப்பூ வளையத்துக்குள் ஒரு சிவந்த மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். கன்னம் மெழுகியதுபோல வழவழவென்று இருந்தது, உதட்டில் லேசாக ரோஸ் நிறம். யாரோ தெரியாத பெரியவர், பாவம் என்று நினைத்துக்கொண்டு கீழே இருந்த பெயரைப் படித்தேன். மூணாறு பஜாரில் ஒரே ஸ்டூடியோவில் பல வருடம் அவரோடு தோள் உரச வேலை பார்த்தவன் நான். எனக்கே அந்த முகம் தெரியவில்லை. அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அது இன்னும் தணியவில்லை.

அவரை அறிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முத்து நல்ல கறுப்பு. இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு உண்டு. எங்கள் இருட்டறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. வாசல் தாழ்வு, முத்து நல்ல உயரம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே நெற்றி மோதி நான்கு தையல் போட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகும் அடிக்கடி மோதுவார், மோதிவிட்டு வாசலைத் திட்டுவார். அந்தத் தழும்பையும் துடைத்தெறிந்துவிட்டு ‘கண்ணீர் அஞ்சலி’ என்று போட்டிருந்தார்கள்.

எழுபதுகளில் அந்த ஸ்டூடியோவில் வேலை இரண்டாகப் பிரிந்திருந்தது. நான் டச்சிங். அதாவது நெகட்டிவின் மேல் கூரான பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்து, பருவையும் தழும்பையும் மறைத்து, முகத்தின் மேல் சிவப்புச் சாயம் தடவி, பிரிண்டில் ஆளை வெள்ளையாக்குவது. முத்து இருட்டறையில் பிரிண்ட் போடுகிறவர். மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற படம், மாட்டுப்பட்டி அணையைப் பார்க்க வருகிறவர்களின் படம், எஸ்டேட் லயத்து வரிசை வீட்டுக் குடும்பங்களின் படம் எல்லாம் என் பென்சிலைத் தாண்டித்தான் அவரிடம் போகும். வந்தவரைவிடப் படம் இரண்டு மடங்கு வெள்ளையாக இருக்க வேண்டும் என்பது முதலாளியின் சட்டம். அதில் எனக்குக் கொஞ்சமும் கூச்சம் இருந்ததில்லை. கைராசிக்காரன் என்று பெயர்கூட வாங்கியிருந்தேன்.

முத்துவிடம் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. அதற்குள் கறுப்புத் தாளில் சுற்றிய ஒரு காகிதப் பட்டை. மேல் முனையில் வெள்ளை, கீழ் முனையில் கறுப்பு, நடுவில் எட்டுச் சாம்பல், மொத்தம் பத்துப் படி. அதற்கு ‘ஏணி’ என்று அவரே பெயர் வைத்திருந்தார். காலையில் வந்ததும் முதலில் ஓர் ஏணியைத்தான் பிரிண்ட் போடுவார். நன்றாகக் காயவிட்டு, ஒரே பல்பின் கீழே பழைய ஏணியோடு சேர்த்து வைத்துப் பார்ப்பார். பத்துப் படியும் பொருந்தினால்தான் முதல் படத்தைத் தொடுவார். டீ பாக்டரியில் இயந்திரங்கள் ஓட ஆரம்பித்தால் பஜாரில் மின்சாரம் சோர்ந்துபோகும், அவருடைய பல்பும் மங்கும். உடனே வேலையை நிறுத்திவிட்டு மறுபடி ஏணி. முதலாளி வெளியே நின்று கத்துவார். இவர் கதவைத் திறக்கமாட்டார்.

ஒருநாள் ஈரப் பிரிண்டை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டேன். என் கையிலிருந்து அதைப் பிடுங்கினார்.

“கண்ண நம்பாதீரும்வே. காலைல ஒண்ணு சொல்லும், பனிமஞ்சு எறங்கிட்டா வேற ஒண்ணு சொல்லும். ஏணி மாத்திச் சொல்லாது.”

எனக்கு அப்போது சிரிப்பாக இருந்தது. கட்டை வண்டிக்கு எதற்கு ஏரோப்ளேன் மீட்டர் என்று கேலி செய்தேன்.

அந்தக் கேலிக்கு விலை கொடுத்தவள் பேச்சியம்மாள். டீ பாக்டரியில் இலை உலர்த்தும் இயந்திரத்தில் வேலை பார்த்தவள். அதன் கதவு பெயர்ந்து, சூடேறிய தகடு வலது கன்னத்தில் விழுந்தது. காதிலிருந்து கழுத்துவரை தோல் கறுத்துச் சுருங்கிவிட்டது. வெக்கை பட்டால் தாங்கமாட்டாள். சூடில்லாத இடத்தில் வேலை கேட்டாள். எஸ்டேட்டோ, பட்டது சின்னச் சூடு, ஆறிவிட்டது, வேண்டுமென்றே வேலைக்கு வரவில்லை என்று பெயரை வெட்டியது. பெயர் வெட்டினால் லயத்து வீடும் போகும். அவளுக்கு இரண்டு பெண் பிள்ளைகள், புருஷன் இல்லை. யூனியன்காரர்கள் லேபர் ஆபீசுக்கு விண்ணப்பம் எழுதினார்கள், ஒரு படம் வேண்டுமென்று அவளை எங்களிடம் அனுப்பினார்கள்.

எதற்குப் படம் என்று நான் கேட்கவில்லை. நெகட்டிவ் மேஜைக்கு வந்தது, பென்சிலை எடுத்தேன். நல்ல முகவெட்டு, இந்தக் கறை மட்டும் இல்லாவிட்டால் எப்படி இருப்பாள் என்று பரிதாபப்பட்டு, அரை நாள் உட்கார்ந்து கன்னத்தை முழுசாக மூடினேன். உண்மையைச் சொல்கிறேன், என் வாழ்க்கையிலேயே நேர்த்தியான டச்சிங் அதுதான். அன்றைக்கு முத்து ஊருக்குப் போயிருந்தார், பிரிண்டை முதலாளியே போட்டுக் கவரில் வைத்துக் கொடுத்தார். அதை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. பத்து நாளில் பதில் வந்தது. படத்தில் காயம் எதுவும் காணவில்லை என்று எழுதியிருந்தது.

பேச்சியம்மாள் ஸ்டூடியோவுக்கு வந்து நின்றாள். சத்தம் போடவில்லை. “அண்ணாச்சி, நான் அழகா இருக்கணும்னு ஒங்ககிட்ட கேட்டனா?” என்று மட்டும் கேட்டாள். முதலாளி, போனது போகட்டும், இன்னொரு காப்பி இலவசம் என்றார். இருட்டறைக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த முத்து வெளியே வந்தார். அன்றைக்கு வாசலில் மோதிக்கொண்டதுகூட அவருக்குத் தெரியவில்லை.

டர்பன்டைனால் துடைத்தால் பென்சில் போய்விடும், பழைய நெகட்டிவிலேயே சரியாகப் போட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். முத்து ஒத்துக்கொள்ளவில்லை. முதல் படத்தில் இல்லாத காயம் இரண்டாவதில் எப்படி வந்தது என்று கேட்பார்கள் என்றார். அவளை மறுபடி உட்காரவைத்தார். கன்னத்துக்குப் பக்கத்தில் ஏணியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். முகமும் ஏணியும் சேர்ந்து ஒரே படத்தில் விழுந்தன. அந்த நெகட்டிவை என் மேஜைப் பக்கமே விடவில்லை.

யூனியன்காரர்கள் அந்தப் படத்தோடு மறுபடி விண்ணப்பம் போட்டார்கள். விசாரணைக்கு நானும் போனேன். முத்து நினைத்ததுபோலவே எஸ்டேட் குமாஸ்தா எழுந்து, இது கறுப்பாக அடித்த படம் என்றார். பேச்சியம்மாள் எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல் படித்த மனிதர்கள் காகிதத்தைப் பார்த்து வாதாடினார்கள். ‘நான் கண்ணால் காண்பது மேலே போகாது, ஃபைல்தான் போகும்’ என்றார் ஆபீசர். இன்றைக்கு நினைத்தாலும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. முத்து அசல் ஏணியை எடுத்து மேஜையில் வைத்தார்.

“சாரே, இது கையில இருக்க ஏணி. அது படத்துல இருக்க ஏணி. நான் மொகத்தக் கறுப்பா அடிச்சிருந்தா ஏணியும் கறுத்துருக்கும், கீழ மூணு படி ஒண்ணாப் போயிருக்கும். எண்ணிப் பாருங்க.”

ஆபீசர் ஜன்னலோரம் போய் விரல் வைத்து எண்ணினார். பத்து இருந்தது. பேச்சியம்மாளுக்கு டீத்தூளில் குச்சி பொறுக்குகிற வேலை கிடைத்தது. வீடும் போகவில்லை.

அதற்கு முத்துவுக்குக் கிடைத்த பரிசு, கடைக்கு வராதே என்பது. நம் கடைப் படம் பொய் என்று ஆபீசில் போய்ச் சொன்னவனுக்கு இங்கே என்ன வேலை என்று முதலாளி கேட்டார். பொய் என்னுடையது, முதலாளி. அதை நான் அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. இரண்டு வாரத்தில் ஸ்டூடியோப் படங்களெல்லாம் ஆவிபோல வெளிறிப்போய், முதலாளியே அவர் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டு வந்தார். திரும்பி வந்தவர் என்னிடம் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஏணியைப் பிரிண்ட் போட உள்ளே போய்விட்டார்.

இப்படிப்பட்டவரை வெளுத்திருக்கிறார்களே என்றுதான் பதினாறாம் நாள் காரியத்துக்கு இரண்டு நாள் முன்பே அவர் வீட்டுக்குக் கிளம்பிப் போனேன். அப்பா பளிச்சென்று இருக்கட்டுமே என்று அவர் மகன் சொன்னான். அவனிடமிருந்து பிஸ்கட் டப்பாவை வாங்கிக்கொண்டு, அந்த அஞ்சலிப் படத்தைச் செய்த ஃபிளெக்ஸ் கடைக்கு நடந்தேன். கடை நடத்துகிற செல்விக்கு நாற்பது வயதிருக்கும்.

“ஸ்கிரீன்ல நல்லாத்தான இருந்துச்சு, அண்ணாச்சி?” என்றாள்.

ஏணியை ஸ்கேன் செய்யச் சொன்னேன். அவள் திரையில் மேலே நான்கு படிகள் ஒரே வெள்ளையாகக் கிடந்தன. முகத்தை எவ்வளவு வெளுத்தாலும் அதில் வித்தியாசம் தெரியாது. வெளிச்சம் முழுசாக ஏற்றிவைத்த திரை, எதிரே திறந்த ஜன்னல். அதன் முன்னால் உட்கார்ந்துதான் ஊரிலுள்ள செத்தவர்களையெல்லாம் திருத்துகிறாள். ஜன்னலை மூடினோம். கையிலிருந்த ஏணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பத்துப் படியும் தனித்தனியாகத் தெரிகிறவரை திரையின் வெளிச்சத்தைக் குறைத்தோம். பிறகு மகன் கொடுத்த அசல் படத்தைத் திறந்தாள். முத்து கறுப்பாக, தழும்போடு, யாரையோ திட்டப்போகிறவர்போல எங்களைப் பார்த்தார். அழகாக்குகிற பொத்தான் பக்கம் செல்வியின் கை போகவில்லை.

புதுப் படத்தை மாட்டியபோது அவர் மனைவி முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார். “தழும்பக் காணோமேன்னு நான் அன்னைக்கே சொன்னேன். எங்கிட்ட யாரு கேட்டா?” என்றார். மகன் வெளியே போய்விட்டான்.

பிஸ்கட் டப்பாவை என்னையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். ஊருக்கு வந்து முழுசாகத் திறந்து பார்த்தேன். ஏணியைச் சுற்றிய கறுப்புத் தாளுக்கு அடியில் இன்னொரு கவர் இருந்தது. அதில் பேச்சியம்மாளின் முதல் நெகட்டிவ். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் வலது கன்னம் முழுக்க என் பென்சில் புள்ளிகள், அரை நாள் உழைப்பு, அப்படியே இருக்கின்றன. இத்தனை வருடமும் அவர் அதைத் துடைக்கவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை, என்னிடம் காட்டவும் இல்லை. மகன்மேலும் செல்விமேலும் கோபப்பட்டு அவ்வளவு தூரம் போனவன் நான்.

சுடலைமுத்து எனக்கென்று விட்டுப்போனது ஏணியும் அந்த நெகட்டிவும். வீட்டில் டர்பன்டைன் இருக்கிறது. நான் துடைக்கப்போவதில்லை.