காப்பி குடித்து முடிக்கும் வரை சொல்லாத செய்தி

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆகஸ்ட் மாதக் கடைசியில், ஓமன் நாட்டில் நடந்தது இது. மஸ்கட்டில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்த நான், அதை விட்டுவிட்டு சோஹார் என்ற ஊரில் வேறு பள்ளிக்கு மாறினேன்.

ஏன் மாறினேன் என்பதை மறைக்க ஒன்றுமில்லை. பெரிய இடத்துப் பிள்ளை ஒருவன் பரீட்சையில் தேறவில்லை. மார்க்கைத் திருத்திப் போடச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். சத்தமாகவே சொன்னேன். அப்புறம் அங்கே இருக்க முடியுமா? நானும் ஏழு வயது மகளும் குடியிருந்தது பள்ளி கொடுத்த வீடு. வேலை போனால் வீடும் போயிற்று. கணவர் சிங்காநல்லூரில் பம்ப்செட் பட்டறை நடத்துகிறார், அவரால் அங்கே வந்து நிற்க முடியாது.

புதுப் பள்ளியில் வீடு தர மாட்டார்கள். நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் கவலையோடு விடுமுறைக்கு ஊர் வந்திருந்தபோது, உடுமலைப்பேட்டையில் ஒரு கல்யாணத்தில் கணவரின் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரைப் பார்த்தேன். அவர் சோஹாரில்தான் குடும்பத்தோடு இருக்கிறார். அவர் வீட்டுக்கு மேல்மாடியில் இருந்த நண்பர் ஊருக்குத் திரும்பிவிட்டாராம், சாவி இவரிடம்தான் இருக்கிறதாம்.

"ஏனுங்க அம்மணி, உங்களுக்கு இல்லாத ஊடா? பேசாம வந்து எறங்குங்க. மத்ததையெல்லாம் நான் பாத்துக்கறனுங்க" என்றார். என் இலையில் இன்னொரு ஜிலேபியையும் வைக்கச் சொன்னார்.

அதற்கு மேல் யார் ஒப்பந்தம் எழுதிக் கேட்பார்கள்? சொந்தக்காரரிடம் எழுதிக் கேட்டால் அது அவமானம். நானும் கேட்கவில்லை.

மஸ்கட்டுக்குத் திரும்பியதும் சாமான்களைக் கட்டினேன். கிளம்புவதற்கு முந்தின நாள்கூட போன் செய்தேன். "வாங்க வாங்க, எதுக்குங்க யோசன?" என்றார். பழைய வீட்டுச் சாவியைப் பள்ளியில் கொடுத்துவிட்டு, ஒரு பிக்கப் வண்டியில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு நானும் மகளும் கிளம்பினோம். போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். ரோடு பக்கம் பார்க்கவே கண் கூசியது.

வாசலிலேயே அவரும் மனைவியும் நின்றிருந்தார்கள்.

"வாங்க வாங்க. வெயில்ல வந்திருக்கறீங்க. கண்ணு, நீயும் வா சாமி. மொதல்ல ஒரு வாய் காப்பி குடிங்க."

வண்டிக்காரருக்கு அடுத்த லோடு இருந்தது. பத்து நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு முதல் மாடியில் இருந்த அவர்கள் வீட்டுக்கு ஏறிப் போனேன். காப்பி வந்தது. கூடவே முறுக்கு வந்தது. "சாவி குடுத்தீங்கன்னா சாமான ஏத்திரலாமுங்க" என்றேன்.

"சாவிக்கு என்னங்க, சாப்டுட்டுப் பேசிக்கலாம்" என்றார் அவர். அந்த அம்மா தோசை ஊற்ற ஆரம்பித்துவிட்டார். கீழே வண்டி ஹாரன் அடித்தது. எங்கள் பக்கத்தில், வீடு தேடி வந்தவர்கள் வயிறு நிறைவதற்குள் கெட்ட செய்தி சொல்ல மாட்டார்கள். இது எனக்குத் தெரியாததல்ல. நான் பிறந்து வளர்ந்ததும் அந்த வழக்கத்தில்தான். ஆனாலும் உறைக்கவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தையே எதிர்த்துக் கத்திவிட்டு வந்தவள், வைத்த தோசையை வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல் தின்றுகொண்டிருந்தேன்.

கை கழுவி வந்த பிறகு அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அது வந்துங்க... எங்க மச்சினன் குடும்பத்தோட திடீர்னு வந்துபோட்டானுங்க. மேல அவிய இருக்கறாங்க. வேண்டாம்னு சொல்ல முடியலீங்க."

"எப்ப வந்தாங்க?"

"போன வாரமுங்க."

"நேத்து போன்ல பேசினேனே! அப்ப சொல்றதுக்கென்ன?"

"போன்ல எப்படீங்க சொல்றது? உங்க மனசு நோகுமுங்களே."

மனசு நோகுமாம். "அதனாலென்னங்க, இங்கயே எங்களோட இருந்துக்குங்க" என்றும் சொன்னார். இருப்பது ஒரே படுக்கையறை. அவர் அதைச் சொன்ன நொடியில் அந்த அம்மா சட்டென்று அடுப்படிக்குள் போய்விட்டார். அதுதான் உண்மையான பதில்.

மகளை இழுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். வண்டி இல்லை. சாமான்கள் எல்லாவற்றையும் கட்டடத்தின் வாசலில் இறக்கி வைத்துவிட்டு வண்டிக்காரர் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. லாட்ஜில் ரூம் எடுத்தால் நாங்கள் படுக்கலாம். ஃபிரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் கட்டிலையும் எங்கே கொண்டுபோய் வைப்பது? அந்த ஊரில் எனக்கு வேறு யாரையும் தெரியாது. மறுநாள் காலை புது வேலையில் சேர வேண்டும். மகள் மூட்டை மேல் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

அப்போது தரைத்தள வீட்டுக் கதவு பாதி திறந்தது. முழுதாகத் திறக்க முடியவில்லை, எங்கள் ஃபிரிட்ஜ் இடித்தது.

"யாரு சாமானுங்க இது? என் வாசல்ல வெச்சா நான் பறந்தா வெளிய போறது?"

தலையில் முக்காடு போட்ட அம்மா, என் வயதுதான் இருக்கும். தமிழைக் கேட்டதும் எனக்கு ஆறுதல் வரவில்லை, கோபம்தான் வந்தது. இன்னொரு நம்ம ஊர் ஆளா என்று நினைத்தேன். நடந்ததைக் கொட்டினேன். அவர் முழுதாகக் கேட்டார்.

"கோயமுத்தூர்ல எங்க?"

"சிங்காநல்லூர்."

"நான் கோட்டைமேடு. சரி, புள்ளைய அழுவாம இருக்கச் சொல்லுங்க. அழுதா ஃபிரிட்ஜ் நகராது."

பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "இந்தாங்க, நேராச் சொல்லிப்போடறேன். முன்ரூம்ல படுத்துக்குங்க. வெள்ளிக்கிழம என் நாத்தனா குடும்பம் வருது. வியாழக்கிழம நீங்க கெளம்பிடோணும். அன்னிக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு நின்னீங்கன்னா நான் எரக்கப்பட மாட்டேன். சோபா உள்ள வராது, அது தெருவுலயே கெடக்கட்டும்."

இதையெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் தண்ணீரே கொடுத்தார். ஃபிரிட்ஜின் ஒரு பக்கத்தை அவர் பிடித்தார், இன்னொரு பக்கத்தை நான் பிடித்தேன்.

அந்த வாரம் முழுவதும் பள்ளி முடிந்ததும் வீடு தேடி அலைந்தேன். மகளை அவர் பார்த்துக்கொண்டார். கெடு இருந்ததால் எனக்குச் சோம்பலுக்கும் நேரமில்லை, அழுகைக்கும் நேரமில்லை. புதன்கிழமை சாயங்காலம் ஒரு சலவைக் கடைக்கு மேலே ஓர் அறையும் சமையலறையும் கிடைத்தன. சுமாரான இடம்தான். வியாழக்கிழமை காலையில் நான் எழுந்து வருவதற்குள் அவர் திரைச்சீலைகளைக் கழற்றித் துவைக்கப் போட்டிருந்தார். "வண்டி எப்ப வருது?" என்று கேட்டார். இன்னும் ரெண்டு நாள் இருங்களேன் என்று ஒப்புக்குக்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் இருந்திருப்பேன், அவருக்குத்தான் கஷ்டமாகியிருக்கும்.

அதன் பிறகு நாங்கள் உயிர்த்தோழிகள் ஆகிவிட்டோம் என்றெல்லாம் இல்லை. பெருநாளுக்கு ஒருமுறை போனில் பேசுவதோடு சரி. நான் வேலையை முடித்துக்கொண்டு கோவைக்கே வந்துவிட்டேன். மேல்மாடி வீட்டைத் தருவதாகச் சொன்ன அந்தச் சொந்தக்காரர் இன்றைக்கும் எங்கள் வகையறாவில் தங்கமான மனுஷன். "ஒரு வார்த்த கடிஞ்சு பேச மாட்டாருங்க" என்பார்கள். எனக்கு வாய்க்காரி என்று பெயர். இருக்கட்டும்.

முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்கிறவர்கள் மேல் இப்போதெல்லாம் எனக்குக் கோபமே வருவதில்லை. அவர்கள் முடியும் என்று சொன்னால், அதை நம்பி நாம் சாமான் கட்டலாம்.