நோம்புக் காலத்து முட்டை

போன வருடம் குருசுமலையில், சிலுவைப்பாதையின் நான்காவது நிலையில் முழங்காலிட்ட நான் எழும்பவில்லை. பக்தி என்று கூட வந்தவர்கள் நினைத்தார்கள். நானும் கொஞ்ச நேரம் அப்படியே நினைக்க விட்டேன். ஜெபம் முடிந்து கூட்டம் ஐந்தாவது நிலைக்கு நகர்ந்தபோதுதான் குட்டு உடைந்தது. முன்பின் தெரியாத இரண்டு ஆண்கள் ஆளுக்கொரு கக்கத்தில் கை கொடுத்து என்னைத் தூக்கி நிறுத்தினார்கள். என் அண்ணன் மனைவி பக்கத்தில் நின்று சிரித்தாள். எனக்கு மைனி, என்னைவிட நான்கு வயது மூத்தவள்.

"மக்கா, அடுத்த வருசம் ஒரு ஜேசிபிக்குச் சொல்லி வைப்போமா?"

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். மீதி மலையை நான் ஏறவில்லை. கீழே இறங்கி நாங்கள் வந்த ஜீப்பில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அறுபத்தொரு வயதில் அப்படி ஒரு கோபம் வரும் என்று எனக்கே தெரியாது. அடுத்த தடவை பதினான்கு நிலையிலும் முழங்காலிட்டு, யார் கையையும் பிடிக்காமல் எழும்பிக் காட்டுவேன் என்று அந்த ஜீப்பிலேயே நேர்ந்துகொண்டேன். கர்த்தருக்குக் காட்டவா மைனிக்குக் காட்டவா என்று கேட்டால், இரண்டு பேருக்கும்தான். முதலில் மைனிக்கு.

நான் தையல்காரி. பனச்சமூட்டிலிருந்து உள்ளே பிரியும் ரோட்டில் என் வீடு, அடுத்த வீடு மைனியுடையது. என் வீட்டில் நானும் மிஷினும் மட்டும்தான். மிஷினுக்கு மோட்டார் வைத்த பிறகு கால்களுக்கு வேலையே இல்லை, பெருவிரலால் அழுத்தினால் போதும்.

இந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தைய நோம்பு தொடங்கியதும் என் திட்டமும் தொடங்கியது. உடம்பு கனமாக இருப்பதால்தான் எழும்ப முடியவில்லை, கனத்தைக் குறைத்தால் சுலபமாக எழும்பிவிடலாம் என்பது என் எண்ணம். ஊரே இறைச்சி, மீன், முட்டையை விட்டிருக்கும் காலம். பொழியூரிலிருந்து ஸ்கூட்டரில் வரும் மீன்காரர்கூட எங்கள் கேட்டுக்கு முன்னால் ஹாரன் அடிக்க மாட்டார். நான் ஒரு படி மேலே போய், பயறையும் பாலையும்கூட விட்டுவிட்டேன். மதியம் மரச்சீனிக் கிழங்கும் சம்மந்தித் துவையலும், ராத்திரி கஞ்சித்தண்ணீர். சாயங்காலம் சர்ச்சில் பயிற்சி. முழங்காலிடுவேன், முன் பெஞ்சைப் பிடித்துத் தம் கட்டி எழும்புவேன். இருபது தடவை. யாராவது பார்த்தால் கண்ணை மூடிக்கொள்வேன்.

தையல்காரிக்கு எடை பார்க்கும் மிஷின் எதற்கு, டேப் உண்டே. மூன்றாவது வாரம் தொடையை அளந்தேன். ஒரு இஞ்சு குறைந்திருந்தது. சந்தோஷம் தாங்காமல் மைனியிடம் சொன்னேன். வயிற்றையும் அளந்திருந்தேன். அது இருந்த இடத்திலேயே இருந்தது. அதைச் சொல்லவில்லை.

அந்த வாரமே ஒரு காலையில், தைத்துக்கொண்டிருந்த ஸ்டூலிலிருந்து என்னால் எழும்ப முடியவில்லை. நாலு தடவை முயன்று பார்த்துவிட்டு மைனியைக் கூப்பிட்டேன். வேறு யாரைக் கூப்பிட? இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே பிசியோதெரபி செய்யும் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இராது. "கையை நெஞ்சுல கெட்டிக்கிட்டு நாற்காலில இருந்து எழும்புங்க, அம்மச்சி" என்றாள். பாட்டியைக் கூப்பிடுவதுபோல அம்மச்சி என்றதே எனக்குப் பிடிக்கவில்லை. எழும்பவும் முடியவில்லை. என்ன சாப்பாடு, என்ன பயிற்சி என்று கேட்டாள். பெருமையாகச் சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அம்மச்சி கனத்தக் கொறைக்கல்ல. காலைக் கொறைச்சாச்சு."

பட்டினி கிடந்தால் உடம்பு கொழுப்பை மட்டும் கரைக்காதாம், வேலை செய்யாத தசையையும் சேர்த்துத் தின்றுவிடுமாம். சர்ச்சில் உழைத்ததெல்லாம் பெஞ்சைப் பிடித்த கைகள், தொடை சும்மா கூட வந்திருக்கிறது. இந்த வயதில் தசை தானாகவே குறையும், அதைப் பிடித்து நிறுத்த பளுவான வேலையும் வேண்டும், புரதமும் வேண்டும், ஒன்று மட்டும் போதாது என்றாள். எனக்கு உடனே புரிந்தது. துணி வைக்காமல் மிஷினை ஓட்டினால் ஜாக்கெட் வராது. துணியை மடித்து அலமாரியில் வைத்தாலும் வராது.

"தெனம் ஒரு முட்டையாவது தின்னணும்" என்றாள்.

"நோம்பாக்கும்" என்றேன்.

"நோம்புல முட்டையா?" மைனி என்னைவிடக் கடுமையாகச் சொன்னாள். "பயறும் கடலையும் தின்னட்டும்."

வீட்டுக்கு வந்து நாற்காலியில் இரண்டு கம்பளிகளை மடித்துப் போட்டு உயரமாக்கி, கையைக் கட்டிக்கொண்டு எழும்பி எழும்பி உட்கார்ந்தேன். பழகப் பழகக் கம்பளிகளை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். நான்காம் நாள் விறகுப்புரைக்குப் போனால், மூலையில் கொஞ்சம் வைக்கோல், அதற்குள் ஒரு வெள்ளை முட்டை. மைனியின் கோழி சுவர் தாண்டி வந்திருக்கிறது. ஒரு முட்டை கிடந்தால் கோழி அதே இடத்தில் திரும்பவும் வந்து இடும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அதனால் அதைத் தொடவில்லை. மறுநாள் பக்கத்தில் இன்னொன்று, தவிட்டு நிறத்தில். அதை எடுத்து அவித்தேன். மருந்து என்று மனசாட்சியிடம் சொன்னேன், அது மறுபேச்சுப் பேசவில்லை. முட்டை ஓட்டைக் கறிவேப்பிலைச் செடியின் மூட்டில், வேரோரமாகப் புதைத்தேன். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது.

"நம்ம கோழி இப்பம் முட்டையே இடல்ல, மக்கா" என்று மைனி ஒருநாள் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"வெயிலாக்கும் மைனி" என்று வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்.

டேப் அசையவே இல்லை. ஆனால் கம்பளி இரண்டிலிருந்து ஒன்றானது, பிறகு ஒன்றும் இல்லாமல் எழும்பினேன். முதலில் நரம்புகள்தான் தசையை எழுப்பப் பழகும், சதை மெதுவாகத்தான் பிடிக்கும் என்றும் அந்தப் பெண் சொல்லியிருந்தாள். கடைசி வாரம் தரையில் முழங்காலிட்டு, சுவரைத் தொடாமல் எழும்பினேன்.

இந்த வருடம் மலையில் நான்காவது நிலையில் எழும்பி நின்று மைனியைப் பார்த்தேன். அவள் சிலுவையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாவதில் தொடை நடுங்கியது, ஆனாலும் எழும்பினேன். பன்னிரண்டாவதில் எல்லாரும் எழும்பிவிட்டார்கள். மைனி மட்டும் கண்ணை மூடியபடி முழங்காலில் இருந்தாள். அந்தப் பக்தி எனக்குத் தெரியும். ஒரு வருடமாக நான் காத்திருந்த நேரம் இது. ஜேசிபி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போது அவள் கை பிடிப்பதற்கு ஒரு கல்லைத் தேடித் தரையில் துழாவுவதைப் பார்த்தேன். அந்தச் சொல்லை விழுங்கிவிட்டு அவள் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினேன். இரண்டு பேர் கனத்தையும் என் கால்கள் தாங்கின.

பதினான்காவது முடிந்து பாறையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம்.

"காலுக்கு நல்ல பெலம் உண்டு ஒனக்கு" என்றாள்.

"பயறு மைனி."

"கறிவேப்பிலை மூட்டுல கெடக்கது பயறுத் தொலியாக்கும்?"

எனக்குத் தண்ணீர் புரையேறியது. மைனி என்னைப் பார்க்காமலே பேசினாள். "நோம்புல முட்டை தின்னுன்னு நான் எப்பிடிச் சொல்ல? அதான் கோழியைச் சொல்ல வச்சேன். வைக்கோலு போட்டு, மொத முட்டையக் கடையில வாங்கி வச்சது நானாக்கும். கழிஞ்ச வருசம் நான் சிரிச்சிருக்கக் கூடாது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "திங்கக்கெழமை காலைல வீட்டுக்கு வாருங்க மைனி, நாற்காலி ரெண்டு உண்டு" என்றேன்.

"வாறேன். அதுக்கு முன்னால அந்த வெள்ளை முட்டைய எடுத்துத் தூரப் போடு மக்கா. நாறிப் போயிருக்கும்."