சட்டிச் சில்லுக்காக ஒரு டீ நேரம்

"ஏண்டி சைமா, கிரேக்க ராஜாவோட தங்கச் சட்டிய நீ மெஷின்ல போட்டு அரைச்சிகினு கீறியாமே? நசரத்பேட்டை பஸ்ல பேசிகினு வந்தாங்கோன்னு பக்கத்து வூட்டு ரேகா சொல்றா" என்றாள் அக்கா மஹ்பூபா.

"தங்கமும் இல்ல, ராஜாவும் இல்லக்கா. எவளோ கறி வேகவெச்ச மண் சட்டி. அதுல ஒரு நகத்தளவு சில்லு."

அம்பத்தூர் எஸ்டேட்டில் கல் பரிசோதிக்கும் கூடம் ஒன்றில் சைமாவுக்குப் பதினாறு வருட வேலை. கல்லைச் சீவிக் கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குத் தேய்க்க வேண்டும். அறிக்கையில் கையெழுத்து போடுவது வேறொருவர். காட்டுப்பாக்கத்து ஹேமநாதன் ஜெர்மனியில் பழைய மட்பாண்டங்களை ஆராய்கிறவன். மூன்று வருடம் முன்பு அவன்தான் முதன்முதலாகக் கேட்டான்: "இந்த ஸ்லைடத் தேய்ச்சது யாருங்க? அவங்க பேரக் கட்டுரைல போடணும்." அச்சில் வந்த அந்த ஒரு வரி இன்னும் அவள் கைப்பையில் இருக்கிறது.

இப்போது அவன் அனுப்பியிருப்பது கடைசிச் சில்லு. ஏதென்சில் கிடைத்த சட்டி அங்கேயே வனைந்ததா, எதிரே கடலில் இருக்கும் எரிமலைத் தீவிலிருந்து கப்பலேறி வந்ததா? மண்ணோடு கலந்த கல் துகள்தான் சொல்ல வேண்டும். வேறிடத்தில் தேய்த்த இரண்டு சில்லுகளிலும் துகள் உதிர்ந்து ஓட்டைதான் மிச்சம். இதுவும் போனால், அருங்காட்சியகம் இன்னொன்று தராது.

துகள் உதிராமலிருக்க, சைமா சில்லைப் பசையில் ஊறவைத்து இறுக்கினாள். கடைசித் தேய்ப்பு கையால்தான். ஆனால் பக்கத்து ஷெட்டில் தகடு வெட்டும் பவர் பிரஸ் அடிக்கும்போதெல்லாம் மேசை அதிர்ந்தது. அங்கே மேஸ்திரி சம்பந்தத்திடம் போய் நின்றாள்.

"கால் மணி நேரம் நிறுத்தறியாப்பா?"

"இன்னாக்கா, உன் சட்டிக்குத் தூக்கம் கெடுதா?" என்று சிரித்தவன், உள்ளே பார்த்துக் கத்தினான். "டேய், இன்னிக்கு டீ இப்பவே! அக்கா சட்டி ஒடைஞ்சா நீங்கதான் ஒட்டித் தரணும்!"

எட்டுப் பேர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. நன்றி என்று ஒரு வார்த்தை சொல்ல நினைத்தாள். இருப்பது கால் மணி நேரம்; மேசைக்கு ஓடினாள்.

தேய்த்தாள். நுண்ணோக்கியில் படிகம் மஞ்சளாகத் தெரிந்தது, இன்னும் தடிமன். பத்து இழுப்பு. கழுவிப் பார்த்தாள். மஞ்சள் வெளிறிச் சாம்பலானது; அதுதான் சரியான அளவு. கையை எடுத்தாள். நடுவில் ஒரு கறுத்த துகள், உள்ளே மெல்லிய வெள்ளை ஊசிகள். எரிமலைக் கல்; சட்டி தீவிலிருந்து வந்ததுதான். உதிரவில்லை.

"அல்ஹம்துலில்லாஹ்."

ஈரக் கையோடு ஹேமநாதனுக்கு போன் போட்டாள். மணி அடித்தது. வாசலில் சம்பந்தம் எட்டிப் பார்த்தான்.

"ஆச்சாக்கா? ஓட்டலாமா?"

"ஆச்சுப்பா, ஓட்டு" என்றாள், போனைக் காதிலிருந்து எடுக்காமலே. எதிர்முனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.