பிரெய்லின் ஐந்து பாகங்கள்

துடியலூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் நூலகத்தில் ஹுமேரா பட்டியல் போடுகிறாள். ஒப்பந்த வேலைதான். புத்தகம் கொடுத்து வாங்கும் மேசையில் நான். ஒரு படைப்பு எத்தனை உருவத்தில் இருந்தாலும் எல்லாவற்றையும் கணினியில் ஒன்றோடொன்று இணைத்துவிடுவாள். மூலம், மொழிபெயர்ப்பு, சுருக்கம், பார்வையற்றோருக்கான பிரெய்ல் என ஒன்றைத் தேடினால் மற்றதும் வந்து நிற்க வேண்டும் அவளுக்கு. வேலையற்ற வேலை என்று நான்கூடக் கிண்டல் செய்திருக்கிறேன்.

அதனால் பயன் கண்டவள் கிருபா. பார்வையில்லாத மாணவி, போட்டித் தேர்வுக்கு வரலாறு படிக்கிறாள். செல்போனில் தேடியபோது, அச்சு நூலோடு பிரெய்ல் பிரதி இருப்பதையும் அது வாசித்துச் சொன்னது. அச்சில் ஒரே புத்தகம். பிரெய்லில் ஐந்து தடித்த பாகங்கள். முதல் பாகத்தை எடுத்துப் போனாள்.

ஹுமேரா பெருநாள் விடுப்பில் இருந்தபோது, ஆய்வுக்குழு வருகிறதென்று நிர்வாகம் இடத்தைக் காலி செய்யச் சொன்னது. மேலாளர் தமிழ்வேந்தன் கணினியைப் பார்த்து, ஒரே படைப்பு என்று இணைத்திருந்தவற்றில் அச்சுப் பிரதி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மிச்சத்தைப் பழைய பேப்பர் கடைக்கு ஏற்றிவிட்டார்.

திரும்பி வந்த ஹுமேரா கேட்டதற்கு, "ஒரே புத்தகம்னு நீங்கதானுங்க போட்டிருக்கீங்க? நான் என்னங்க தப்பா செஞ்சுபோட்டேன்?" என்றார். குரலைக்கூட உயர்த்தவில்லை. அந்த மரியாதைதான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது.

ஹுமேரா கடைக்கு ஓடினாள். கடைக்காரர் நசுருதீன் உதட்டைப் பிதுக்கினார்.

"கெட்டித் தாளாச்சேம்மா. வந்தன்னிக்கே அட்டைக் கம்பெனிக்குப் போயிருச்சு. இந்நேரம் கூழாயிருக்கும்."

வேறு பிரதி வாங்கவும் வழியில்லை. அச்சிட்ட அமைப்பையே மூடிவிட்டார்கள்.

திங்கட்கிழமை கிருபா வந்து முதல் பாகத்தை மேசையில் வைத்தாள்.

"முடிச்சுபோட்டனுங்க அக்கா. ரெண்டாவது குடுங்க."

"இல்ல கண்ணு" என்றாள் என் பக்கத்தில் நின்ற ஹுமேரா.

"யாராச்சும் எடுத்துட்டுப் போயிட்டாங்களா?"

"இல்ல. மிச்ச நாலையும் எடைக்குப் போட்டுட்டாங்க. அச்சும் இதுவும் ஒண்ணுன்னு நாந்தான் சேத்து வெச்சேன்."

கிருபா மேசையைத் தடவி, அந்தப் பாகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அப்ப இதையே மறுக்கா என் பேர்ல எழுதிக் குடுங்க அக்கா. பரீட்சைக்கு இன்னும் நாளிருக்குதுங்க."