ஏழு வீட்டுக்குப் போன சோப்பு

யோகேஸ்வரிக்கு இரண்டு வருடமாக ஒரே கவலைதான். தான் விழுங்கும் மாத்திரை எதற்கென்று எஸ்டேட் லைன் வீடுகளில் ஒருவருக்கும் தெரிந்துவிடக் கூடாது. காய்கறி லோரி ஓட்டிய புருஷன், பாவி, எச்.ஐ.வி.யை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தான். கேட்டவர்களிடம் இனிப்பு நீர் வியாதி மாத்திரை என்று சொல்லிவைத்தாள். சொன்னதற்காகச் சீனி போட்ட தேத்தண்ணியையும் விட்டாள். தேயிலைக் காட்டுக் குளிரில் அது லேசுப்பட்ட காரியமா?

மாதம் ஒருமுறை ரிங்லெட் டவுன் மாதா கோயில் மண்டபத்தில், கோயில் சேவைக் குழுவிலிருக்கும் பார்பரா அவளுக்கு ஒரு பை கொடுப்பாள். சோப்பு, பற்பசை, ஷாம்பு, சானிட்டரி பேட். எல்லாவற்றையும் மினிமார்க்கெட் பையில் மாற்றிக்கொண்டுதான் யோகேஸ்வரி பஸ் ஏறுவாள்.

போன மாதம் காய்ச்சலால் யோகேஸ்வரி கோயிலுக்குப் போகவில்லை. பார்பராவுக்கு மனசு கேட்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம், அரைநாள் வேலை முடிந்து எல்லோரும் வாசலில் இருக்கும் நேரத்தில், கோயில் வேனை லைனுக்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். ஒரு பெட்டி நிறையச் சாமான். நல்ல மனுஷிதான், யார் இல்லை என்றது? ஆனால் அவளும் எஸ்டேட்டில் பிறந்தவள். லைனுக்கு ஒரு பொருள் வந்தால் வீட்டுக்கு வீடு வரவேண்டும் என்பதை எப்படி மறந்தாளோ!

வேன் திரும்பியதுமே பக்கத்து வீட்டு நளினி கேட்டுவிட்டாள். "ஒனக்கு மட்டும் என்னலா ஸ்பெஷலு?"

கஷ்டப்படுகிறவர்களுக்குக் கோயிலில் கொடுப்பது என்று யோகேஸ்வரி மழுப்பினாள். வாயை அடைக்க, லைனில் மற்ற ஏழு வீட்டுக்கும் வீட்டுக்கொரு சோப்புக் கொடுத்தாள். நளினி மோந்து பார்த்து, வாசமாக இருக்கிறது என்றாள்.

லைனில் கஷ்டப்படாதவர் யார்? அடுத்த சனிக்கிழமை நளினி தன் பங்கைக் கேட்டு ரிங்லெட்டுக்கே போய்விட்டாள். அன்றைக்கென்று பார்பரா இல்லை. பை கொடுத்துக்கொண்டிருந்த கிரகரி என்ற பெரியவர் பதமாகத்தான் சொன்னார்.

"இது எச்.ஐ.வி. இருக்கறவங்களுக்கு மட்டும்தாம்மா."

அவர் யார் பெயரையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

திங்கட்கிழமை காட்டில் யாரும் யோகேஸ்வரியிடம் எதுவும் கேட்கவில்லை. தேத்தண்ணி நேரத்தில், "ஒனக்குத்தான் சீனி ஆகாதே" என்று தினமும் கேலி செய்யும் நளினி, எழுந்து வேறு பக்கம் போய் உட்கார்ந்தாள்.

கொழுந்து மூட்டையை நிறுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், வாசற்படியில் சோப்புகள். ஏழும் இருந்தன. ஆறு உறை பிரிக்காதவை. ஒன்று பாதி தேய்ந்து, இன்னும் ஈரமாக இருந்தது. சோப்பில் இந்த நோய் ஒட்டாது என்று யார் போய் அவர்களுக்குச் சொல்வது?

ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளே கொண்டுபோனாள். அடுப்பில் தண்ணீர் வைத்தாள். இரண்டு வருடம் கழித்து, மூன்று கரண்டி சீனி போட்டுத் தேத்தண்ணி கலக்கினாள். இனி யாரிடம் மறைக்க?

ஒரு வாய்கூடக் குடிக்காமல் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.